அப்பா பெயரில் ஒரு விருது

அப்பா இறந்த பிறகு அவரை வாயாரப் புகழ்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், அவர் இருந்தபோது ஒரு நாற்காலிகூட நகர்த்திப் போட்டவர்கள் இல்லை. அவர் பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து இரங்கல் கூட்டத்துக்கு அழைத்தபோது நான் வர மாட்டேன் என்றேன்.

"வாடி. என்னதான் அளக்குறாங்கன்னு கேட்டுட்டு வருவோம்," என்றாள் அம்மா.

மேடையில் அப்பாவின் பெரிய படம். எங்கள் குடும்பப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற அம்மாவைக் கத்தரித்துவிட்டு, அவள் விரல்களை மட்டும் அப்பாவின் தோளில் விட்டுவைத்திருந்தார்கள். கீழே கொட்டை எழுத்தில், 'குடும்பத்தைக் கொண்டாடிய பேராசிரியர்'. கொண்டாடிய குடும்பத்தைக் காணோம்.

"விரலுக்காவது இடம் குடுத்தாங்களே," என்றாள் அம்மா.

இயற்பியல் துறைத் தலைவர் எழுந்தார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மைக்'. கையில் மைக் சிக்கினால் கரண்ட் போனால்தான் விடுவார். அப்பா வகுப்பு முடிந்ததும் நேராக அம்மா வேலை பார்த்த எக்ஸ்ரே பிரிவுக்குப் போய், வாசல் பெஞ்சில் விடைத்தாள் திருத்தியபடி அவளுக்காகக் காத்திருந்து, வண்டியில் வீட்டுக்குக் கூட்டிவருவார். அதற்காக அவரை 'வீட்டம்மா டிரைவர்' என்று சொல்லி ஆசிரியர் அறை முழுக்கச் சிரிக்க வைத்தவர் இந்த மைக்தான். வீட்டையே கட்டிக்கொண்டு அழுகிறவருக்குத் துறைத் தலைவர் பதவி எதற்கு என்று மேலிடத்தில் ஓதி, அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டவர்.

இப்போது குரல் தழுதழுத்தது. "அவர் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். குடும்பம்னா என்னன்னு அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். கடைசி நேரத்துல ஆஸ்பத்திரியில அவர் கையைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

கைக்குட்டையை எடுத்துக் காய்ந்து கிடந்த கண்ணை அழுத்தித் துடைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் ஒரே ஒரு முறை வந்தார். உட்காரவே இல்லை. அப்பா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, காலேஜ்ல உங்க ரூம் சாவி யார்கிட்ட இருக்கு? புதுசா ஒருத்தர் வர்றாரு," என்று கேட்டார். அப்பா ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, சாவி இருக்கும் இடத்தைச் சொன்னார். கூடவே, "ஜன்னல் கொக்கி சரியில்ல, பாத்துத் திறக்கச் சொல்லு," என்றார். அப்பா அப்படித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைக் ஓய்ந்த இடைவெளியில் ஒரு மாணவி மேடைப் படியருகே வந்து, தானும் பேசலாமா என்று கேட்டாள். "நேரமில்லம்மா, போய் உக்காரு," என்று அவளைக் கையசைத்து விரட்டிவிட்டு, முக்கியமான அறிவிப்பு என்றார் கல்லூரி முதல்வர். அப்பா பெயரில் ஆண்டுதோறும் ஒரு விருது. வேலையையும் வீட்டையும் இரு கண்ணாகப் பார்க்கும் ஆசிரியருக்கு. முதல் விருது யாருக்கு? மைக்குக்குத்தான். தேர்வுக் குழுத் தலைவர் யார்? அவரும் மைக்தான்.

விருதை அம்மா கையால் கொடுக்க வேண்டுமாம்.

அம்மா மேடையேறினாள். பளபளக்கும் கேடயத்தை அவளிடம் கொடுத்தார்கள். மைக் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். அம்மா கேடயத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எங்க வீட்டுக்காரர் பேரு பெருசா இருக்கே?"

"ஆமா அண்ணி, அவர் பேர்லதானே விருது."

"அப்ப சரி. அவர் பொருள் வீட்டுக்கே வரட்டும்."

கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மைக் சட்டைப் பையைத் தடவினார். அம்மா ஒலிவாங்கியருகே போய், "அந்தப் பொண்ணு எங்க? வாம்மா, நீ பேசு," என்றாள்.

மாணவி மேடையேறினாள். "எனக்கு ஒரு கணக்கு புரியவே இல்ல. சார் திரும்பத் திரும்ப சொல்லிக் குடுத்தாரு. நான் அழுதுட்டேன். 'அழாத, எனக்கே இப்பதான் சரியா புரியுது'ன்னாரு. இப்ப நான் அந்தக் கணக்கைத்தான் டியூஷன்ல சொல்லிக் குடுக்குறேன்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

கைதட்டல் பின்வரிசையில் தொடங்கியது. மேடையில் இருந்தவர்களும் வேறு வழியில்லாமல் தட்டினார்கள்.

மறுநாள் மைக் போன் செய்தார். பத்திரிகைக்குப் படம் அனுப்ப வேண்டுமாம், கேடயத்தை ஒரு நாளைக்காவது கொடுக்க முடியுமா என்றார்.

"கையை நீட்டிட்டு நின்னீங்களே, அந்தப் படத்தை அனுப்புங்க," என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டேன்.

"குடுத்துத் தொலைன்னு சொல்லியிருப்பாரு. பத்திரமா பேப்பர்ல சுத்தியும் குடுத்திருப்பாரு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுஷன்டி. ஆனா அவர் அளவுக்கு நல்லவளா இருக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"