அகலத்துக்குக் கட்டம் இல்லை

ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஆராயி மூன்றாவது ஜோடி ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தாள். பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். விரல்கள் உள்ளே போய்விட்டன. சுண்டுவிரல் மூட்டு வரும் இடத்தில் பாதம் சிக்கிக்கொண்டது. முன்பக்கத் தோலுக்கு அடியிலிருந்த இரும்பு மூடி இம்மியும் இடம் கொடுக்கவில்லை.

"இன்னாக்கா, ஏறுச்சா?" ஸ்டோர் பார்க்கும் பிரகாஷ் எட்டிப் பார்த்தான்.

"இல்ல தம்பி. ஆறுலயே நீளம் சரியா இருந்திச்சி. ஏழு, எட்டுன்னு குடுக்கறே, நீளந்தான் ஜாஸ்தியாயிக்கினே போவுது. அகலம் பத்தல."

ஒன்பதாம் நம்பர் கொடுத்தான். கால் ஏறியது. எழுந்து நான்கு அடி வைத்தாள். ஒவ்வொரு அடிக்கும் குதிகால் வெளியே வந்தது.

"துணி வச்சி அடைச்சிக்கோக்கா. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

வேங்கிக்கால் ஊரைத் தாண்டியிருந்த அந்தக் கிரானைட் தொழிற்சாலையில், பாலீஷ் போட்ட கற்களைக் கழுவுவதும் ஓரத்துண்டுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் ஆராயியின் வேலை. எட்டு வருஷமாக ரப்பர் செருப்போடுதான் செய்தாள். மாசி மாதம் ஒரு துண்டு நழுவி, கூட வேலை செய்த சரசுவுக்கு இடது காலில் இரண்டு விரல்கள் போய்விட்டன. ஈரத்துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனது ஆராயிதான். ஷூ தரப்போகிறார்கள் என்றதும் மற்றவர்கள் கனம், புழுக்கம் என்று அலுத்துக்கொண்டபோது அவள் மட்டும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அடி அண்ணாமலை கிராமத்தில் சின்ன வயசிலிருந்து வெறுங்காலோடு கழனியில் நடந்த பாதம் அவளுடையது. விரல்கள் விரிந்து, முன்பக்கம் முறம் மாதிரி அகன்றிருந்தது.

மாற்றிக் கேட்டு வாங்கிய ஆறாம் நம்பர் ஜோடியை ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு எடுத்துப்போனாள். தேரடித் தெருவில் மூன்று கடைகளில், "அகலம்னு தனியா வராதும்மா" என்றார்கள். செருப்புத் தைக்கும் வேடியப்பன் ஷூவின் மூக்கைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார்.

"தோலா இருந்தா கட்டை வச்சி இழுத்து உட்ருவேன். இத எங்க இழுக்கறது? இரும்பும்மா."

"பக்கத்துல கிழிச்சி விட முடியாதுங்களா?"

"கிழிக்கலாம். அப்பறம் கல்லு அந்த எடத்துல விழாதா?"

திங்கட்கிழமை வேறு வழியில்லாமல் ஆறைத் திருப்பிக் கொடுத்து ஒன்பதாம் நம்பரையே வாங்கி, பழைய புடவைத் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டாள். பத்து மணிக்குள் துணி தண்ணீரில் ஊறிவிட்டது. ஹோஸ் பைப்பைத் தாண்டும்போது ஷூ பின்தங்கியது, கால் முன்னே போனது. முட்டி கல்லில் மோத விழுந்தாள்.

"குடுத்த ஷூவ ஒழுங்கா போட்டுக்கினு நடக்கத் தெரியாதாம்மா?" என்றார் மேனேஜர் ராஜமாணிக்கம்.

ஆராயி எழுந்து ஸ்டோருக்குப் போனாள். ஒரு வெள்ளைத்தாள் வாங்கித் தரையில் போட்டு, அதன்மேல் வலது காலை அழுத்தி வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தாள். ஈரம் பட்டுத் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது. அதை மேனேஜரின் மேசைமேல் வைத்தாள்.

"இந்த அளவுல வாங்கிக் குடுங்க சார். நான் போடமாட்டேன்னு சொல்லல. சரசுக்கு ஆன மாதிரி எனக்கும் ஆயிடக்கூடாது."

"சரி, பிரகாஷ் கிட்ட குடு. அனுப்பச் சொல்றேன்."

பிரகாஷ் படிவத்தை எடுத்தான். பெயர், டோக்கன் எண், ஷூ நம்பர். பேனாவைப் பிடித்தபடி கீழே வரை தேடினான்.

"அகலத்துக்குக் கட்டமே இல்லக்கா."

"ஓரமா எழுது தம்பி."

"ஓரத்துல எழுதுனா எவன் படிப்பான்?" என்றாலும் பொடி எழுத்தில் எழுதினான். படத்தையும் பின் குத்தி வைத்தான்.

மூன்று வாரம் கழித்துப் பெட்டி வந்தது. அதே ஷூ, அதே ஆறாம் நம்பர். ஆராயி அதைப் போட்டுப் பார்க்கவில்லை. ஷூவைத் திருப்பி, அடிப்பாகத்தைத் தன் உள்ளங்காலோடு ஒட்டி வைத்தாள். இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் பாதம் வெளியே தெரிந்தது.

"இத அன்னிக்கே போட்டுப் பாத்தேனே தம்பி."

"தெரியும்க்கா," என்றான் பிரகாஷ், அவளைப் பார்க்காமல்.

மறுநாள் காலையில், வெளிநாட்டிலிருந்து கல் வாங்குகிறவர்கள் இன்றைக்கு வருகிறார்கள் என்று சொல்லி, கேட்டிலேயே கால்களைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டார்கள். ஷூ சேராமல் செருப்போடு நின்ற, ஆராயி உட்பட ஐந்து பெண்களிடம் ராஜமாணிக்கம் கத்தியும் மண்வெட்டியும் கொடுக்கச் சொன்னார்.

"ரோட்டோரம் முள்ளுச்செடி மண்டிக் கெடக்குது. மத்தியானத்துக்குள்ள சுத்தம் பண்ணிடுங்க."

"செருப்போட முள்ளு வெட்டறதா சார்?" என்றாள் ஆராயி. "உள்ள கூடாது, இங்க மட்டும் பரவாயில்லையா?"

"ஷூ ரூலு உள்ளுக்குத்தாம்மா. இது காம்பவுண்டுக்கு வெளிய."

வெயில் ஏறியது. வெட்டிப் போட்ட கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆராயியின் குதிகாலில் ஏறியது. ஓரமாக உட்கார்ந்து, ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி நெம்பிக்கொண்டிருந்தபோது ஹார்ன் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் கேட்டை அகலத் திறந்துவிட்டு, கையை வீசிக் கத்தினான்.

"ஓரம் போங்க! வண்டி வருது, ஓரம் போங்க!"

இரண்டு வெள்ளைக் கார்கள் திரும்பி உள்ளே போகும்வரை, ஐந்து பெண்களும் பாதையை விட்டிறங்கி முள்ளுக்குள் நின்றார்கள்.