எ ஒர்க்கர், தி ஒர்க்கர்

கூடுவாஞ்சேரி பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பியூலாவுக்கு கிளார்க் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டாம் நம்பர் அறையின் கதவை யாரோ திறந்தபடியே விட்டுப் போனதில் அறுபது பெட்டி ஐஸ்கிரீம் உருகி ஓடியது. அன்று அந்த அறையில் மூன்று பேர் சரக்கு ஏற்றியிருந்தார்கள். கடைசியாக வெளியே வந்தது யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. தலைமை அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவது பியூலாவின் பொறுப்பு. 'ஒர்க்கர் இன் ரூம் டூ லெஃப்ட் டோர் ஓப்பன்' என்று எழுதி மேனேஜர் ஜெபசீலனிடம் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, அந்த மூவரில் ஒருவனான அச்சுதனுக்கு சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. வருகைப் பதிவேட்டில் இரண்டாம் அறைக்கு நேராக இருந்தது அவன் பெயர் மட்டும்தான். மற்ற இருவரும் உதவிக்கு வந்தவர்கள்.

"எம் பேர இன்னாத்துக்குக்கா எழுதுன?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"சத்தியமா நான் யார் பேரையும் எழுதல அச்சுதா."

ஃபைலை எடுத்துப் பார்த்தாள். ஜெபசீலன் 'தி ஒர்க்கர்' என்று திருத்தி அனுப்பியிருந்தார். ஒன்றும் புரியாமல், பொழிச்சலூரில் டீச்சராக இருக்கும் தங்கை ஹெப்சிக்கு போன் போட்டாள்.

"'எ'ன்னா யாரோ ஒருத்தர். 'தி'ன்னா அந்த ஆளேதான். ரூமுல ஒருத்தர்தான் இருந்தாருன்னு அர்த்தமாயிடுச்சுக்கா."

"தமிழ்ல இதெல்லாம் போடறதில்லையேடி."

"அதனாலதான் நீ போடாம விட்டிருக்க. அந்த இடத்துல உங்க மேனேஜரு தனக்குத் தோணினதப் போட்டுட்டாரு."

பியூலா போனை வைத்தாள். தப்பு தன்னிடமிருந்துதான் தொடங்கியிருக்கிறது. நேராக ஜெபசீலனின் அறைக்குப் போனாள்.

"சார், ரிப்போர்ட்டுக்குத் திருத்தம் அனுப்பணும்."

"கிராமரத்தானேம்மா சரி பண்ணேன்? இப்ப மாத்தினா நம்மளத்தான் கேள்வி கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். எழுதினது நான். நானே பதில் சொல்லிக்கறேன்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து நான்கே வரி எழுதினாள். டப்பா திறக்கப்படாமல் கிடந்தது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் நின்று, யாரோவா, அந்த ஆளா என்று கேட்டுக்கொண்டாள். அறையில் மூன்று பேர் இருந்தார்கள், 'எ ஒர்க்கர்' கதவை மூடாமல் போயிருக்கிறார், யாரென்று தெரியாது. ஹெப்சிக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு, மூவரின் கையெழுத்தும் இருந்த லோடிங் சீட்டையும் இணைத்துத் தன் பெயரிலேயே அனுப்பினாள்.

திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள். கதவைத் திறந்துபோட்டது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அச்சுதனின் சஸ்பென்ஷன் ரத்தாயிற்று. தெளிவில்லாமல் எழுதியதற்காகப் பியூலாவுக்கு ஒரு மெமோ வந்தது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

புதன்கிழமை அச்சுதன் வேலைக்கு வந்ததும் அவள் மேஜை முன்னால் தயங்கி நின்றான்.

"என்னாலதான உனக்கு மெமோ?"

"இல்ல, என்னாலதான். போய் லோடப் பாரு, வண்டி வந்து நிக்குது."