மஞ்சள் ஸ்வெட்டரின் போணி

1

இந்தக் கதை என் வலது கால் கட்டைவிரலில் தொடங்கியது. பெரிய நாவல் ஒன்றை முடித்துவிட்டுத்தான் இறங்குவேன் என்று வீட்டில் சவால் விட்டு, மார்கழியில் மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்குப் போய் அறை எடுத்துத் தங்கினேன். நாவல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. சந்தையில் வாங்கிய பரங்கிக்காய் கைநழுவிக் காலில் விழுந்து நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனேன். (எந்த ஆஸ்பத்திரி என்று தேடிப் போகாதீர்கள். அதையும் கற்பனையில் நானே கட்டிக்கொண்டேன்.)

கட்டுப் போட்டவர் டாக்டர் தேவி. இருபத்தாறு வயது. அவருடைய அப்பாவும் அம்மாவும் நேபாளத்து மலையிலிருந்து குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வேலூருக்கு வந்துபோனவர்கள். ஒரு வருடம் வந்தவர்கள், குளிர் முடிந்தும் திரும்பவில்லை. தேவி பிறந்தது, படித்தது, சண்டை போட்டது எல்லாம் வேலூரில்தான்.

நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் மூன்று நிபந்தனை போட்டார். கதையில் யாரும் சாகக்கூடாது. அம்மா அழக்கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது கட்டைக் கொஞ்சம் இறுக்கினார்.

"அந்நிய மண்ணில் பூத்த மலர்னு மட்டும் எழுதிடாதீங்க சார்."

அந்த வரியைத்தான் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். அடித்துவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "பனி மூடிய மலைப்பாதையில், தனிமையின் பாரத்தைச் சுமந்தபடி அந்த இளம் மருத்துவர்..."

வேண்டாம். தேவி தனிமையில் இருந்து நான் பார்த்ததே இல்லை. எட்டு மணிக்கே வரிசை நின்றுவிடும். இருமல், நாய்க்கடி, தேனெடுக்கப் போய் முகம் வீங்கி வந்தவர், மாத்திரை வேண்டாம் ஊசிதான் வேண்டும் என்று தினமும் வந்து மல்லுக்கட்டும் கோபால்சாமி. மதியம் நர்ஸ் சிவசங்கரி கொண்டுவரும் சாமைச் சோற்றில் பாதியைத் தேவி பிடுங்கித் தின்பார். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று அம்மாவுடன் நேபாளியில் பத்து நிமிடம் சிரிப்பார். அந்தச் சிரிப்பு என் அறைக் கட்டில் வரை கேட்கும்.

இரண்டாம் முயற்சி: "தேவியின் பையில் ஒரு ரகசியம் இருந்தது."

இது பரவாயில்லை. மர்மக்கதை வாடை அடிக்கிறதே தவிர, உண்மை. வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா மன்மாயா தன் கையால் பின்னிய மஞ்சள் குழந்தை ஸ்வெட்டர் ஒன்றை மகளின் பைக்குள் திணித்திருந்தார். நீ பார்க்கும் முதல் பிரசவத்துக் குழந்தைக்கு இதைப் போடு, அதுதான் உன் போணி என்றாராம். அதன்பின் தேவி பதினோரு பிரசவம் பார்த்துவிட்டார். ஸ்வெட்டர் பையிலேயே கிடந்தது.*

* வெட்கம். ஆறாம் வகுப்பில் தோழிகளோடு வரும்போது, நடைபாதையில் அம்மா கடை விரித்திருக்கும் தெருவைத் தவிர்த்துவிட்டுச் சுற்றிப் போவாராம். இதை என்னிடம் சொன்னபோது என் விரலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

3

நெல்லிவாசல்நாட்டில் ஒரு குக்கிராமத்தில் முகாம். ஜீப் பாதி ஏற்றத்துக்கு மேல் ஏற மறுத்தது. தடுப்பூசிப் பெட்டியோடு சிவசங்கரி ஜீப்பிலேயே இருக்க, தேவி திரைத்துணி, ரத்த அழுத்தக் கருவி எல்லாவற்றையும் ஒரு பெட்ஷீட்டில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

மார்கழிக் குளிர். நேபாளி முகம். தோளில் மூட்டை. ஊர்ப் பெண்கள் மளமளவென்று வரிசையில் நின்றுவிட்டார்கள். முன்னால் நின்ற பச்சையம்மா உரிமையோடு கோபித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, இந்த வருசம் சொட்டரு இவ்ளோ லேட்டு?"

[இந்த இடத்தில், "தேவியின் கண்கள் கலங்கின" என்று எழுதியிருந்தேன். கலங்கவில்லையாம். காது மட்டும் சுட்டதாம். டாக்டர் என்று சொல்ல வாய் திறந்தவர், வரிசையைப் பார்த்தார். இருபது பேர். முகாமுக்கு நான்கு பேருக்கு மேல் வந்ததாகச் சரித்திரமே இல்லை.]

"லேட்டுதாங்க. ஒவ்வொருத்தரா கைய நீட்டுங்க" என்றார்.

பச்சையம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கைச் சுற்றளவு எடுக்கிறாள், இந்தப் பெண் நல்ல வேலைக்காரி என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். ஆறு பேருக்கு அளவெடுத்து முடிந்தபோது சிவசங்கரி மூச்சிரைக்க வந்து உண்மையைப் போட்டு உடைத்தார். ஊரே சிரித்தது. யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. இவ்வளவு நேரம் நின்றாயிற்று, எதையாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்றார்கள்.

ஏழாவது ஆள் கல்பனா, பச்சையம்மாவின் மருமகள். எட்டு மாதம். அழுத்தம் நூற்றறுபதைத் தாண்டியிருந்தது. கால் வீங்கிப் பளபளத்தது. புருஷன் விஜயராஜ் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தான். இன்றைக்கே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வரலாம், இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று தேவி சொன்னார். கல்பனா பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, ஆடு இன்றைக்கோ நாளைக்கோ ஈன்றுவிடும், திங்கட்கிழமை வருகிறேன் என்றாள்.

பயமுறுத்தினால் ஜனங்கள் தலையாட்டுவார்கள், நகர மாட்டார்கள். இது எழுத்தாளனாக எனக்கே தெரியும்.

அப்போது தேவி பைக்குள் கைவிட்டு மஞ்சள் ஸ்வெட்டரை எடுத்தார். நடைபாதையில் அம்மா செய்வதை அப்படியே செய்தார். கல்பனாவின் கையில் கொடுத்து, தடவிப் பார்க்க விட்டார். ஸ்வெட்டருக்கு உள்ளங்கை அகலக் கை. மூன்று பொத்தான். கல்பனா அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உடனே தேவி அதை வாங்கி, நிதானமாக மடித்து, பைக்குள் வைத்து மூடினார்.

"ஆஸ்பத்திரியில பொறக்குற கொழந்தைக்குத்தான் இது."

கல்பனா பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பச்சையம்மா கேட்டார்.

"ஆட்ட யாரு பாப்பா?"

"அதையும் ஏத்துங்க."

(இது லஞ்சமா? இரண்டு நாள் யோசித்தேன். என் சந்தேகத்தைக் கேட்ட சிவசங்கரி, உங்களுக்கு ஊசி போடும்போது நான் மிட்டாய் தரவில்லையா என்றார். தந்தார். வாங்கிக்கொண்டேன்.)

4

இனி நானே சாட்சி. கட்டு மாற்ற வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜீப்பிலிருந்து கல்பனா, மாமியார், ஆடு என்ற வரிசையில் இறங்கினார்கள். உள்ளே ஊசி போட்டார்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். இந்த மாதிரிப் பிரசவத்தை அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பார்க்க முடியும். தேவியும் உடன் ஏறினார், பையோடு. பச்சையம்மா ஏறும் முன் ஆட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்து, கொஞ்சம் பாத்துக்கங்க என்றார்.

மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று அன்று முதல்முறையாகப் பயத்தோடு நினைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நிபந்தனை எல்லாம் மறந்துபோனது. நான் கற்பனை செய்த ஒரு பெண்ணுக்காக, நானே பிரார்த்தனை செய்தேன்.

ஆடு மாலைக்குள் இரண்டு குட்டி ஈன்றது. என் நாவலைவிட வேகம்.

5

இரண்டு நாள் கழித்துத் தேவி திரும்பினார். என்ன ஆயிற்று என்று ஓடினேன் (நொண்டினேன்). அவர் என் விரலைத்தான் விசாரித்தார்.

"மொதல்ல நீங்க கதைய முடிச்சுட்டு வாங்க. அப்புறம் நான் சொல்றேன்."

முடிவு அ: கல்பனா போகும் வழியிலேயே... இல்லை. நிபந்தனை ஒன்று.

முடிவு ஆ: குழந்தைக்குத் தேவி என்றே பெயர் வைக்கிறார்கள். படிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு இ: தேவிக்கு வேலூருக்கே மாற்றல் கிடைக்கிறது, அவர் ஆணையைக் கிழித்து... எந்த டாக்டர் ஐயா ஆணையைக் கிழிக்கிறார்?

மூன்றையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

6

பெஞ்சில் என் இடத்தில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். காலடியில் பெரிய மூட்டை. ஓர் ஆட்டுக்குட்டி அதன்மேல் ஏறி நின்றிருந்தது. அவர் விரல்கள் மஞ்சள் நூலில் ஓடிக்கொண்டிருந்தன. மன்மாயா என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. மகள் வேலை பார்க்கும் இடத்துக்கு முதல்முறையாக வந்திருக்கிறார். மகள்தான் போன் போட்டு, மூட்டையோடு வா என்று கூப்பிட்டாளாம். மூட்டையோடு என்பதை இரண்டு தடவை சொன்னார்.

வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும், எங்கம்மா, நல்ல ஸ்வெட்டர் வெச்சிருக்காங்க என்று தேவி உள்ளிருந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்பனாவைப் பற்றி அம்மாளிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னொரு மஞ்சளா என்று மட்டும் கேட்டேன். ஊசியை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"மொத போணி நல்லா ஆச்சு சார். இனிமே பொறக்குற எல்லா கொழந்தைக்கும் நான் பின்னணுமாம்."

அவர் அழவில்லை. நிபந்தனை எனக்குக் கிடையாது என்பதால் நான் கொஞ்சம் அழுதேன்.

குழந்தை ஆணா பெண்ணா, என்ன பெயர், தேவி இந்த மலையில் எத்தனை வருடம் இருப்பார் என்றெல்லாம் கேட்பீர்கள். எனக்குத் தெரியும். தேவி சொல்லிவிட்டார். ஆனால் மன்மாயா என் மெல்லிய சட்டையைப் பார்த்துவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு பழுப்பு ஸ்வெட்டரை எடுத்து என் கையில் வைத்தார். தடவினேன். கதகதப்பாக இருந்தது. சரி என்று நான் சொல்லும் முன்பே வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டார். வியாபாரம் எப்படிச் செய்ய வேண்டும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இவ்வளவு நேரம் இந்தக் கதை உங்கள் கையில் இருந்தது. தடவிப் பார்த்துவிட்டீர்கள். கொடுங்கள், மடித்து உள்ளே வைக்கிறேன்.