கவிழ்ந்த பிறை

அன்று பினாங்கின் பாலிக் புலாவ் கடற்கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். காஜியார் முகம்மது சுல்தான், சூலியா தெரு ஜவுளிக்கடை காதர் மீரா, எங்களைக் காரில் கொண்டுவந்த முனுசாமி, என் தம்பி ஷேக் அலாவுதீன், சீனி முகம்மதாகிய நான். தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்கிற மற்றவர்கள் எல்லாம் பின்னால் முளைத்தவர்கள்.

1934, நோன்பு இருபத்தொன்பது. ஜார்ஜ் டவுனில் மேற்குவானத்தை மலை மறைத்துவிடும் என்பதால் பிறை பார்க்க நாங்கள் மலை தாண்டி வந்திருந்தோம். தெரிந்தால் மறுநாள் பெருநாள். எங்கள் வாப்பா சொன்ன பிறைச் சாட்சியை இந்த ஊர் ஒருமுறையும் மறுத்ததில்லை. அவருக்குப் பிறகு அந்த இடம் என்னுடையது. போதாததற்கு, தம்பி செய்த தொலைநோக்கியில் பிறையைக் காண்போம் என்று பள்ளிவாசலில் நானே அறிவித்திருந்தேன்.

அலாவுதீன் பல வருடம் இங்கிலாந்தில் ஒரு கருவித் தொழிற்சாலையில் லென்ஸ்களை வடிவமைத்தவன். ஒளி கண்ணாடிக்குள் எங்கே நுழைகிறது, எவ்வளவு வளைகிறது, எங்கே போய்ச் சேர்கிறது என்று தாள் தாளாகக் கணக்குப் போடுவான். கப்பல்களிலும் படமெடுக்கும் பெட்டிகளிலும் அவனுடைய லென்ஸ்கள் இருந்தன. எதிலும் அவன் பெயர் இல்லை. இந்தத் தொலைநோக்கி மட்டும்தான் முதல் கணக்கிலிருந்து கடைசித் தேய்ப்புவரை அவனுடையது. அதில் காட்சி தலைகீழாகத் தெரியும். நிமிர்த்துவதற்கு இன்னொரு லென்ஸ் வைக்கச் சொல்லி நான் சண்டையே போட்டேன்.

"ஒவ்வொரு கண்ணாடியும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடும், காக்கா. பிறைக்கு இருக்கிறதே கொஞ்சந்தான்" என்றான், அண்ணனாகிய என்னிடம். வைக்கவில்லை.

சூரியன் இறங்கிய பிறகு அவன் குழாயை மெல்ல மெல்லத் திருப்பினான். சட்டென்று அவன் கை நின்றது. "காக்கா, வாங்க" என்றான்.

பார்த்தேன். காய்ச்சி வளைத்த வெள்ளிக்கம்பி போல, விளிம்பில் ஒரு நிறமும் சிந்தாமல், அத்தனை துல்லியமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. கண்டேன் என்று மட்டும் சொன்னேன்.

சாட்சியை ஏற்றுப் பெருநாளை அறிவிக்க வேண்டிய காஜியார் எல்லாச் சாட்சிகளிடமும் கேட்பதைக் கேட்டார். "முனை ரெண்டும் எந்தப் பக்கம்?"

"கீழே."

காதர் மீரா சிரித்துவிட்டார். "பினாங்குல பிறை படகு மாதிரி மல்லாந்துதான் கிடக்கும். உங்க வீட்டுப் பிறை மட்டும் கவுந்து படுத்திருக்கா லா?"

காஜியாரின் முகம் இறுகியது. யோசித்துச் சொல்லும்படி சொன்னார். கீழே என்றே மறுபடி சொன்னேன். கண்ணாடி கவிழ்த்துக் காட்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் சாட்சி என்பது கண்டதைச் சொல்வது. கண்டதை மனக்கணக்கில் நிமிர்த்திச் சொல்ல வாப்பா எனக்குக் கற்றுத்தரவில்லை.

அலாவுதீன் காரணத்தை விளக்கினான். விளக்கம் தேவைப்படுகிற சாட்சியைத் தான் ஏற்பதற்கில்லை என்றார் காஜியார். எங்கள் வீட்டுச் சாட்சி முதல்முறையாகத் தள்ளுபடியாகப் போகிறது, அதுவும் காதர் மீராவின் முன்னால். பிறையோ இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரு மேகம் அதற்காகக் காத்திருந்தது.

தம்பி வாதாடவில்லை. குழாயைச் சற்றுத் தாழ்த்தித் திருகை இறுக்கினான். "என் கண்ணாடி உங்களுக்குச் சாட்சி சொல்ல வேணாம், காஜியாரே. எங்கே பார்க்கணும்னு மட்டும் அது காட்டட்டும். குழாய் மேலேயே கண்ணை ஓட்டுங்க."

காஜியார் குனிந்து பித்தளைக் குழாயில் கன்னத்தை வைத்தார். அலைகூட மெதுவாக வந்ததுபோல் இருந்தது. அவர் விரல் தானாக எழுந்தது.

"மேலே," என்றார். "அல்லாஹு அக்பர். முனை ரெண்டும் மேலே."

அதன் பிறகுதான் அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். கவிழ்ந்து கிடந்த பிறையைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்து, "நீங்க கண்டதும் சரிதான்" என்றார். அந்த வார்த்தையைக் காதர் மீராவும் கேட்டார். மேகம் மூடியதும் முனுசாமி குழாயைக் கடல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, சம்பான்காரன் தலைகீழா துடுப்புப் போடுறான்" என்று குதித்தான். மலைப்பாதை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான். நான் அவனை அதட்டவில்லை.

அலாவுதீன் கணக்கில் பிழைவிட்டதால்தான் பிறை கவிழ்ந்தது, பிறகு ரகசியமாக ஒரு லென்ஸ் சேர்த்துத் திருத்திக்கொண்டான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பொய். தொலைநோக்கி என் வீட்டில்தான் இருக்கிறது. இன்றும் தலைகீழாகத்தான் காட்டுகிறது.