வருகிற சேதி

நைனாவின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, கடைவாயில் தேங்கிய எச்சிலை ஜமுனா துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் பிரபாகரன் உள்ளே வந்தான். போன் கையிலேயே இருந்தது. பொன்னேரியிலிருந்து ஆம்புலன்ஸ் வரத் தயார், கோட்டைக்குப்பத்துக்கு வழி மட்டும் சொன்னால் போதும் என்றான்.

அம்மா பவுனம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா இல்லையா என்று தெரியவில்லை. நைனா மூச்சை இழுக்கும்போதெல்லாம் கழுத்துக் குழி உள்வாங்கியது.

ஏரியில் தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறால் பிடித்தவர் அவள் அப்பா வேணு. முதலில் போனது அந்த விரல்கள்தான். பிடித்தது நழுவிவிடுகிறது என்று சலித்துக்கொண்டார். பிறகு கால் போனது, பிறகு பேச்சு. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஜமுனா அதே சென்னையில் நரம்புச் செல்களைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள். கால்சியம் உள்ளே நுழைந்தால் அவை பச்சையாக ஒளிரும். நுழைந்த கால்சியம் ஒரு புரதத்தை எழுப்பும், அது இன்னொன்றை எழுப்பும். அப்படிக் கைமாறிக் கைமாறி, செல்லின் நடுவில் இருக்கும் மரபணுக்கள் வரை செய்தி போய்ச் சேரும். வேலை முடிந்ததும் செல் அந்தக் கால்சியத்தை வெளியே தள்ளிவிட வேண்டும். தள்ளத் தெம்பில்லாத செல்லை, அது எழுப்பிய புரதங்களே அரித்துவிடும். மைக்ராஸ்கோப்பில் சாகப்போகிற செல்தான் வெகுநேரம் ஒளிர்ந்துகொண்டிருக்கும்.

பேச்சு குழறத் தொடங்கியிருந்த நாளில், நான் சொல்வதை என் கை ஏன் கேட்கமாட்டேன் என்கிறது என்று நைனா அவளிடம் கேட்டார். அவள் இதையெல்லாம் சொன்னாள்.

"தண்ணிய எறைக்க முடியலேன்னா படகு முழுகத்தான செய்யும்" என்றார். மூச்சுக்கு மிஷின் மட்டும் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

பிரபாகரன் போர்வையை விலக்கினான். எலும்போடு ஒட்டிய தொடையில், தோலுக்கு அடியில் புழு ஊர்வதுபோல ஏதோ ஓடியது.

"காலைலேர்ந்து பாக்கறேன், துடிச்சிக்கினே கீது. உசுரு திரும்புதுன்னுதான அர்த்தம்? நீதான படிச்சவ, சொல்லு."

"சாவற நரம்பு தானா துடிக்கும்ணா. நைனா துடிக்க வெக்கல."

அவன் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். மிஷின் வேண்டாம் என்று நைனா சொன்னதை ஜமுனா மறுபடி சொன்னாள். நேற்றும் கேட்டதாகவும், வேண்டாம் என்றுதான் கண்ணை மூடிக் காட்டினார் என்றும் சொன்னாள். தூங்கி எத்தனையோ நாளானவளின் குரல் போல இருந்தது.

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

"கையப் புடிச்சுக்கோ. தொட்டா அவருக்குத் தெரியும். மூளைலேர்ந்து ஒடம்புக்குப் போற நரம்புதான் செத்துப்போச்சு. ஒடம்புலேர்ந்து சேதி கொண்டுபோற நரம்பு வேற. அதுக்கு ஒண்ணும் ஆவல."

பவுனம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"தெரியுமா?"

"தெரியும்மா."

"சுடுறது, குளுர்றது, வலிக்கிறது?"

"எல்லாந்தான்."

பிரபாகரன் வெளியே போய், ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தான். அதுவரை அம்மா அசையவே இல்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் துடைத்து, பீ மூத்திரம் அள்ளி, ஒற்றை ஆளாகப் புரட்டிப் படுக்கவைத்துக் காய்த்துப்போன கைகள்.

"மரத்துப்போன ஒடம்புன்னு நெனச்சேன்டி" என்றாள் மெதுவாக. "ஒரு நாளு முடியல. அடிச்சிட்டேன்."

ஜமுனா சென்னையில் இருந்த நாட்களில் ஒன்றாகத்தான் அது இருக்க வேண்டும்.

பவுனம்மாள் நகர்ந்து வந்து புருஷனின் தொடைமேல் கையை வைத்தாள். அழுத்தாமல், மேலும் கீழுமாகத் தடவிக்கொடுத்தாள். நைனாவின் கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின. திரும்பி, அங்கேயே நின்றன. பிரபாகரன் விரல்களைப் பிடித்துக்கொண்டான்.

வெயில் ஏற ஏற ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே வந்தது. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. தொடையில் மட்டும் இன்னும் சற்றுத் துடிப்பு இருந்தது. பிரபாகரன் அதைப் பார்த்தான். தங்கையிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மா கையை எடுக்கவில்லை.

செய்தி கேட்டு ஏரியிலிருந்து பெண்கள் நேராக வந்துவிட்டார்கள். ஈரப் புடவை, முழங்கால் வரை சேறு. பவுனம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டும் என்று யாரோ சொல்ல, ஜமுனா குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இறாலைப் பிடித்துப் போடப் பல்லில் கவ்விக்கொள்ளும் ஓலைப்பறிகளை அவர்கள் வாசலில் வரிசையாக வைத்திருந்தார்கள். ஒன்று சாய்ந்து கிடந்தது. குனிந்து அதை நிமிர்த்தி வைத்தாள். உள்ளே இறால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரசரத்துக்கொண்டிருந்தன.