இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஐம்பத்தேழு மணி இருபது நிமிடம். நாலாயிரத்து முந்நூறு பக்கம், பக்கத்துக்கு நாற்பத்தெட்டு விநாடி என்று ரத்னபாய் போட்ட கணக்கு. திங்கட்கிழமை பத்து மணிக்கு இருந்ததோ நாற்பது மணி நேரம்தான்.

பாறசாலையில் மோகனனின் கடை அது. பெயர் தாழவிளை டிஜிட்டல்ஸ். கல்லாவுக்கு மேலே மாலை போட்ட அப்பாவின் படம். அடியில் ‘தாழவிளைத் தறவாட்டுக் காரணவர் செல்லையன்’ என்று, நிலபுலன் உள்ள பெரிய குடும்பத்தின் தலைவர் என்று பொருள்படும் தங்க எழுத்து. செத்துப்போன வக்கீல் ஒருவரின் பழைய நில வழக்குக் கட்டுகளை ஸ்கேன் செய்து, பெயர் போட்டுத் தேடினால் கிடைக்கும்படி எழுத்தாக மாற்றுவதுதான் வேலை. தேடலில் அகப்படாத தாளைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று வக்கீலின் மகன் சொல்லிவிட்டார். புரட்டிப் பார்க்க அவருக்குச் சோம்பல்.

வேலாயுதன் காலையிலிருந்தே கடையில் நின்றான். பிறர் நிலத்தில் குடிசை போட்டவர்களுக்கு, குடிகிடப்பு உரிமையாகப் பத்து சென்ட் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அவன் அப்பன் குட்டப்பன் எழுபத்தொன்றில் கொடுத்த வாக்குமூலம் அந்தக் கட்டுக்குள் இருந்தது. திங்களன்று கோர்ட்டில் அதைக் காட்டாவிட்டால் வீடு போய்விடும்.

கடையில் வேலை பார்க்கும் ரத்னபாய் இயற்பியல் படித்தவள். வாய் திறக்கக் கூச்சம். பத்துப் பக்கத்தின் ஸ்கேன் தெளிவை அறுநூறு டிபிஐயிலிருந்து முந்நூறுக்குக் குறைத்துப் பார்த்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை, நேரம் பாதியானது. மொத்தம் இருபத்தெட்டு மணி நாற்பது நிமிடம். துண்டுச் சீட்டில் எழுதி முதலாளி முன்னால் வைத்தாள்.

“இருபத்தெட்டு மணிக்கூறா? ஷார்ஜாவில இது சாயா குடிக்கிற நேரமாக்கும் மக்கா.”

ஷார்ஜாவில் பதினாலு வருடம் ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் நின்ற அனுபவம். மௌஸைப் பிடுங்கினார். மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று டிக் இருந்தது. மூன்று மொழியோடும் ஒப்பிடுவதால்தான் மெஷின் திணறியது. மலையாளத்தின் டிக்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கினார்.

“பாத்தியா, பன்னிரண்டு செகண்ட்! பிஎஸ்ஸி படிச்சு என்ன பிரயோஜனம்?”

தமிழ்ப் பக்கம் ஒன்று திரையில் வந்தது. கோழி கிளறிய குப்பை போலிருந்தது.

“சார், தமிழ் பக்கம் நெறைய உண்டு,” என்றாள் மெதுவாக.

“எனக்க அப்பனுக்கதும் தமிழிலயாக்கும், மோகனண்ணே,” என்றான் வேலாயுதன்.

“எலே, குடிகிடப்புக்காரன் ரேகை வச்ச தாளை ஆருலே வாசிப்பா?” அதையும் அவர் தமிழில்தான் கேட்டார். “தாழவிளையில உங்கள மாதிரி எத்தனை பேருக்கு எங்க அப்பா குடிலு கெட்ட இடம் கொடுத்தாரு தெரியுமா? இப்ப கம்ப்யூட்டரிலயும் இடம் வேணுமோ?”

வேலாயுதன் தரையைப் பார்த்தான்.

ரத்னபாய் படத்தைப் பார்த்தாள். கட்டுகள் வந்த முதல் நாளே அதிலிருந்து ஒரு தாளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, வேலை போய்விடும் என்ற பயம். அந்தத் தங்க எழுத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு மதியமும் சிரிப்பை அடக்கியிருக்கிறாள்.

மோகனனின் விரல் ‘ஸ்டார்ட்’ மீது போனது. அவள் எட்டி மௌஸின் வயரை உருவினாள்.

“எதுக்குடி?”

“தமிழையும் சேக்கணும், சார். இல்லேன்னா இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் குப்பையாப் போவும்.”

“அதில என்ன இருக்கு?”

கவிழ்த்த தாளைத் திருப்பி வேலாயுதனுக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

“குடிகிடப்புக்காரர், தாழவிளை செல்லையன். இடது பெருவிரல் ரேகை. மகன் மோகனன், வயசு ரெண்டு.”