மாமா தொடாத வண்டி

டிசம்பர் பிறந்ததிலிருந்து அந்தப் பழைய டீசல் கார் காலையில் மட்டும் மக்கர் செய்தது. சாவியைத் திருப்பினால் உடம்பெல்லாம் உதறும், வெள்ளைப் புகை கக்கும். இரண்டு தெரு தாண்டிவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

ஹெலன் மேச்சேரியில் கால்நடை மருத்துவர். பட்டியிலிருந்து ஆடுகளை ஓட்டிப்போவதற்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். வீடு இருப்பது சேலத்தில்; அந்நேரத்துக்கு அங்கிருந்து பஸ்ஸை நம்ப முடியாது.

"வண்டியை வித்துடலாம். அங்கேயே ஒரு ரூம் எடுத்துக்கம்மா, ஞாயித்துக்கெழமை வந்தாப் போதும்" என்று மாமனார் ஞானதாஸ் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வண்டியை எடுத்துக்கொள்ளத் தனசேகர் என்பவனிடம் பேசியாகிவிட்டது. கல்யாணமான நாலாம் மாதத்திலேயே வாரம் ஒருநாள் மனைவியா என்று பிரான்சிஸின் முகம் தொங்கிப்போனது. ஆனால் அப்பாவிடம் மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாதவன். அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தான்.

"வண்டியில நோய் இருக்கு. நாமதான் தப்பான நேரத்துல காட்டுறோம்" என்றாள் ஹெலன். பட்டறைக்கு ஓட்டிப் போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது. அங்கே யார் பார்த்தாலும் அது நல்ல வண்டிதான். அதனால் மேச்சேரி மெக்கானிக் மாதேஷைச் சனிக்கிழமை விடிகாலையில் வீட்டுக்கே வரவழைத்தாள்.

மாதேஷ் சாவியைத் திருப்பினான். வண்டி அலுங்காமல் ஓடியது.

"ஏனுங்க டாக்டரம்மா, உங்களப் பாத்ததும் ஆடு நொண்டறத உட்டுருமே, அதாட்டம் என்னையப் பாத்து இது அடங்கிருச்சுங்களா?"

ஹெலன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கதகதவென்றிருந்தது.

"மாமா, ஸ்டார்ட் பண்ணீங்களா?"

ஞானதாஸ் காபித் தம்ளரைப் பார்த்தபடியே சொன்னார். "வெளியாள் வர்ற நேரம். அவர் முன்னாடி உன் வண்டி உதறிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அதான் கொஞ்சம் ஓட வெச்சேன்."

"காய்ச்சக்காரனுக்குப் பவுடர் பூசி உக்கார வெச்சுட்டீங்களே மாமா."

பல நாள் கழித்துப் பிரான்சிஸ் வாய்விட்டுச் சிரித்தான்.

அன்றிரவு சாவி ஹெலனின் தலையணைக்கடியில் தூங்கியது. ஞாயிறு காலை, பூசைக்கு முன், மறுபடி வந்த மாதேஷ் பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினான். வண்டி கிடுகிடுவென உதறியது. புகை தெருவை மறைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"இப்பத்தானுங்க நெசத்தச் சொல்லுது."

"எரியாத டீசல் வாசம். ஹீட்டர் பிளக்கைப் பாருங்க" என்றாள் ஹெலன்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சூடேற்றும் விரல் நீளக் குச்சிகள் அவை. மாதேஷ் வயரைக் கழற்றி, டெஸ்ட் லேம்ப்பை ஒவ்வொன்றிலும் வைத்தான். முதலாவதில் பல்ப் எரிந்தது. அடுத்த இரண்டிலும் எரியவில்லை. நாலாவதில் எரிந்தது.

"ரெண்டு செத்துப்போச்சுங்க. நானும் நேத்தே அப்படித்தான் நெனச்சேன், கையோட புதுசு வாங்கியாந்துட்டேன்."

"நாலையும் மாத்திடுங்க. இனி ராத்திரி பூரா வண்டி ஆறணும். நாளைக்குத்தான் தெரியும்."

திங்கட்கிழமை காலை ஞானதாஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நான் தொடலை சாமி."

"தெரியும் மாமா. இப்ப நீங்களே தொடுங்க" என்று சாவியை நீட்டினாள்.

ஹீட்டர் விளக்கு அணையும்வரை காத்திருந்து அவர் திருப்பினார். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. உதறலில்லை, புகையில்லை. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவர் போனை எடுத்தார்.

"தனசேகர், நீ வர வேண்டாம்ப்பா. வண்டி குடுக்கிறதா இல்ல. மருமக தெனமும் வீட்டுக்கு வரணுமில்ல?"

உள்ளே, பெட்டி மறுபடி அலமாரி மேல் ஏறும் சத்தம் கேட்டது.